“அணைந்துவிட்டது என்று நினைத்தேன், டாக்டர்”

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் கொண்டாட்டத்துக்காக எங்கள் குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் கூடும். இரவில் வெட்டவெளியில் பெரிதாகத் தீ மூட்டுவோம். அதன் பிறகு பட்டாசு. எல்லாவற்றையும் கொளுத்துவது என் அண்ணன்தான். வேறு யாரையும் கிட்டே விடமாட்டார். சென்ற ஆண்டு விறகு ஈரமாக இருந்து பற்ற மறுத்ததால் பெட்ரோல் ஊற்றினார். குப்பென்று எழுந்த தீயில் புருவம் பொசுங்கியதோடு தப்பித்தார், எல்லோரும் சிரித்தார்கள். அதே இரவில் வெடிக்காமல் கிடந்த ஒரு வெடியைக் காலால் உருட்டிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. என் ஆறு வயது மகள் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்துவிட்டாள், பாதத்தில் கொப்புளம். யாரோ பற்பசையைத் தடவினார்கள். நான் ஏதாவது சொன்னால் “உனக்கு எதற்கெடுத்தாலும் பயம்” என்கிறார் அண்ணன். இந்த ஆண்டு என் தங்கையின் நான்கு மாதக் குழந்தையும் வருகிறது. நான் வீணாகப் பயப்படுகிறேனா? உண்மையில் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? காயம் பட்டுவிட்டால் என்ன செய்வது?

— ஒரு வாசகி

பதில்: தீக்காய அறுவை சிகிச்சை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று சம்பவங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். பற்றாத விறகு, வெடிக்காத வெடி, எரிந்து முடிந்த மத்தாப்பு. ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்றிலும் அந்த நேரத்தில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. கொழுந்துவிட்டு எரியும் தீயால் யாரும் காயப்பட்டதாக நீங்கள் எழுதவில்லை.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். தீக்காயப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். கொண்டாட்ட இரவுகளில் வந்து சேர்கிறவர்களிடம் எப்படி நடந்தது என்று கேட்டால், பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “அணைந்துவிட்டது என்று நினைத்தேன், டாக்டர்.” எரிகிற தீயிடமிருந்து மனிதன் தானாகவே விலகி நிற்கிறான். குழந்தைகூட விலகும். அணைந்ததுபோல் கிடப்பதைத்தான் தேடிப் போய்க் குனிந்து பார்க்கிறான்.

எனவே உங்கள் பயம் வீண் இல்லை. அண்ணன் வெடியைக் காலால் உருட்டியபோது உங்களுக்கு உயிர் போனதே, அதுதான் அன்றிரவின் மிக ஆபத்தான நொடி. பெட்ரோல் ஊற்றியபோதே போயிருக்க வேண்டும் என்பேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வெடி. திரி என்பது உள்ளே சிறிது மருந்து வைத்துச் சுற்றிய நூல் அல்லது காகிதம். அது எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்குச் சில நாடுகளில் சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் பட்டாசின் திரி குறைந்தது 3 நொடி, அதிகம் போனால் 9 நொடி எரிய வேண்டும். கொளுத்துகிறவர் விலகிப் போவதற்கான நேரம் அது. திரி நசுங்கியிருந்தாலோ, நமத்திருந்தாலோ, உள்ளே இருக்கும் மருந்தோடு சரியாக ஒட்டாமல் இடைவெளி விழுந்திருந்தாலோ இந்தக் கணக்கு அடிபட்டுப் போகிறது. மேலே பொறி அணைந்துவிடும்; உள்ளே காகிதச் சுற்றில் ஒரு கனல் புகையே தெரியாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். அது மருந்தைத் தொட ஐந்து நொடி ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். தொடாமலே போய்விடுவதும் உண்டு. பெரும்பாலும் தொடாமல் போய்விடுவதால்தான் உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்குத் துணிச்சல் வளர்கிறது.

திரியிலும் பல பட்டாசுகளிலும் இருக்கும் கரிமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம். இதில் வெடியுப்பின் வேலை ஆக்சிஜன் கொடுப்பது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை மருந்து தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் மண்ணைப் போட்டு மூடினாலும், காலால் மிதித்தாலும், வாளியைக் கவிழ்த்து வைத்தாலும் அது அணைவதில்லை. வாளியைக் கவிழ்ப்பது இன்னும் மோசம். அந்த வாளியே துண்டுகளாகப் பறக்கும். தண்ணீரில் நன்றாக ஊறினால் மட்டுமே அது செத்தது என்று நம்பலாம்.

செய்ய வேண்டியது இதுதான். வெடிக்காத எதையும் அரை மணி நேரம் தொடாதீர்கள், கிட்டே போகாதீர்கள், குனிந்து பார்க்காதீர்கள். அதன் பிறகு நீண்ட பிடியுள்ள மண்வாரியால் எடுத்துத் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு, விடியும்வரை ஊறவிடுங்கள். மறுபடி கொளுத்தும் பேச்சே வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. யாரும் செய்வதில்லை. ஏனென்றால் இருபது பேர் வட்டமாக நின்று வேடிக்கை பார்க்கும்போது அரை மணி நேரம் சும்மா நிற்க யாருக்கும் பொறுமை இல்லை. அதற்கு நான் சொல்லும் வழி: கொளுத்தும் இடத்தை முன்கூட்டியே இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கொன்று நல்ல தொலைவில். ஓரிடத்தில் வெடி புஸ்ஸென்று போய்விட்டால், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். வேடிக்கையும் நிற்காது, அண்ணனின் கௌரவமும் குறையாது.

இன்னொன்று. உங்கள் வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பையன்கள் இருந்தால், மறுநாள் காலை அவர்கள் எங்கே என்று பாருங்கள். நமத்துப்போன வெடிகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது அந்த வயதின் விஞ்ஞானம். நானும் செய்திருக்கிறேன், என் வலது ஆள்காட்டி விரலின் நுனித் தோல் சற்றே பளபளப்பாக இருக்கும், அது அந்த விஞ்ஞானத்தின் மிச்சம். வெடிக்கவென்றே செய்யும் கலவைகளில் அலுமினியத் தூள் இருக்கிறது. சிலவற்றில் அதற்கும் மேலான, உரசினாலே பற்றுகிற பொருள்களும் இருக்கலாம். சுரண்டும்போதே பற்றிக்கொண்டால் முகம் அதற்கு ஓரடி தூரத்தில் இருக்கும். கையில் பிடித்துக் கொளுத்தி எறிகிற வீரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மூடிய கைக்குள் வெடிக்கும் ஒரு சிறிய வெடி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்தான் முதலில் கொண்டுபோகும். கட்டைவிரல் போன கையால் சட்டைப் பொத்தானைப் போட முயன்று பாருங்கள், புரியும்.

இப்போது பெட்ரோல். ஊற்றிய பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. உறைபனிக்கு ஏறத்தாழ 40 டிகிரி கீழேகூட தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாமல், தண்ணீர்போல் வழிந்து விறகின் இடுக்குகளிலும் தரைப் பள்ளங்களிலும் தேங்கும். ஊற்றுகிறவரின் காலடிக்கும் வரும். காற்றில் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம்வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் அந்தக் கலவை முழுவதும் ஒரே நொடியில் பற்றும். உங்கள் அண்ணனின் புருவத்தைக் கொண்டுபோன ‘குப்’ என்ற சத்தம் இதுதான். அன்று அவர் ஆவி மேகத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான். நடுவில் நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.

இதைவிடக் கொடியது, “சரியாகப் பற்றவில்லையே” என்று கனன்றுகொண்டிருக்கும் விறகின்மீது இரண்டாவது தடவை ஊற்றுவது. தீ அந்த ஒழுக்கைப் பிடித்துக்கொண்டு கேனின் வாய்வரை ஏறும். கேன் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் உள்ளே எரிபொருளைவிட ஆவிதான் நிறைந்திருக்கும். அது பற்றியதும் மிச்சமிருக்கும் எரிபொருளை எரிகிற தாரையாகச் சில மீட்டர் தூரம் பீய்ச்சி அடிக்கும். கேனைப் பிடித்தவருக்குக் கையோடு போகலாம். எதிரே நிற்பவர் மீதுதான் அந்தத் தாரை விழும். எதிரே யார் நிற்பார்கள்? வேடிக்கை பார்க்க முன்வரிசைக்கு வந்த குழந்தைகள். மண்ணெண்ணெய் சாதுவானது என்று சிலர் வாதிடுவார்கள். குளிர்ந்த விறகில் அது சற்று மந்தம்தான். சூடான கங்கின்மீது ஊற்றினால் அதுவும் உடனே ஆவியாகும். கை சுத்திகரிப்புத் திரவத்தையும் தீயில் பீய்ச்சாதீர்கள். ஆல்கஹாலின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துத்தான் மீண்டும் ஊற்றுவார்கள்.

விறகை இரண்டு நாள் முன்பே மூடிப்போட்டுக் காயவையுங்கள். நடுவில் காகிதமும் விரல் தடிமனுள்ள சுள்ளிகளும் வைத்துச் சிறிதாகத் தொடங்கி, பிடித்த பிறகு பெரிய கட்டைகளைப் பக்கவாட்டில் சாய்த்து அடுக்குங்கள். ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டுப் பிறகு கொளுத்தப் போவதுதான் பெட்ரோலை அழைக்கிறது. விறகு ஈரமாகத்தான் இருக்கிறது என்றால் அந்த ஆண்டு தீ கிடையாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

தீ மூட்டும் இடத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். கட்டடம், மரம், வேலி, வண்டி எதுவும் 18 மீட்டருக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கொளுத்தும் முன் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்து, உள்ளே பூனையோ நாயோ, ஒளிந்து விளையாடும் பிள்ளையோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். நனைந்த கற்களை விளிம்புக்கு அடுக்காதீர்கள்; சிமெண்ட் தளத்தின்மீது நேராகத் தீ மூட்டாதீர்கள். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். கல்லுக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லைச் சிதறடிக்கும். டயர், பிளாஸ்டிக், பெயிண்ட் அடித்த மரம், பேட்டரி, வாசனைத் தெளிப்பான் டப்பா எதையும் தீயில் போடாதீர்கள். கொண்டாட்டத்தை வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையோடு சேர்த்துக்கொள்வது நம்மவர்களின் சிக்கனம். அந்தச் சிக்கனம் நுரையீரலில் போய்ச் சேரும்.

உங்கள் மகளின் பாதத்துக்கு வருகிறேன். எல்லாரும் கம்பி மத்தாப்பைக் குழந்தைகளின் பட்டாசு என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அதன் எரியும் நுனி 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி போதும். தெறிக்கும் பொறிகள் கையில் விழுந்தாலும் அவ்வளவாகச் சுடுவதில்லை. காரணம், அவை மிக நுண்ணிய இரும்புத் துகள்கள்; சூடு அதிகம், எடை குறைவு. அதனால் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் இது குளிர்ந்த நெருப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கம்பியோ கனமான உருக்கு. சுடர் போன பிறகும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த இரண்டு ஆண்டுகளைச் சொல்ல வேண்டும். 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிவியலாளர், சூடாக்கப்பட்ட திடப்பொருள்கள் எல்லாமே ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் சிவந்து ஒளிரத் தொடங்குகின்றன என்று கண்டார். அதற்குக் கீழே குளிர்ந்துவிட்டால் கண்ணுக்கு வெறும் கறுப்புக் கம்பிதான். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1947-இல், மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் எவ்வளவு சூடு எத்தனை நேரம் பட்டால் தோல் வேகும் என்று அளந்தார்கள். 44 டிகிரி என்றால் சில மணி நேரம். 60 டிகிரி என்றால் சில நொடிகள். 70-ஐத் தொட்டால் ஒரு நொடியே போதும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் விரைவாக வேகும். ஆக, 60-க்கும் 525-க்கும் நடுவே நானூறு டிகிரிக்கு மேல் நீளும் ஓர் இருட்டு இருக்கிறது. அங்கே பொருள் சுடும், ஆனால் சுடுவதாகத் தெரியாது. உங்கள் மகள் அந்த இருட்டில் கால் வைத்துவிட்டாள். அவள்மீது எந்தத் தவறும் இல்லை.

ஆறு வயதுப் பிள்ளையின் கையில் நான் கம்பி மத்தாப்பைக் கொடுக்கமாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் மிகச் சாதுவான முதல் வகைப் பட்டாசுக்கே குறைந்தபட்ச வயது 12 என்று இருக்கிறது. அடுத்த வகைக்கு 16. ஈர மணல் நிரப்பிய வாளியில் மத்தாப்பைக் குத்திவைத்துக் கொளுத்துங்கள்; பிள்ளை இரண்டு எட்டு தள்ளி நின்று பார்க்கட்டும். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஒரு நேரத்தில் ஒன்று, கையை நீட்டிப் பிடித்தபடி, ஓடாமல். மூன்று நான்கைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தினால் எல்லாம் ஒரே மூச்சில் சீறி எரியும். அது மத்தாப்பு என்ற பெயரில் வேறொரு சாதனம். எரிந்து முடிந்த ஒவ்வொரு கம்பியும் நேராகத் தண்ணீர் வாளிக்குப் போக வேண்டும். “உஸ்” என்ற சத்தம் கேட்காமல் எந்தக் கம்பியும் தரையைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடமே ஒரு விளையாட்டாகச் சொல்லிவிடுங்கள். காவல்காரர்களாக அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். அன்றிரவு எல்லோருக்கும் மூடிய செருப்போ ஷூவோ கட்டாயம்.

புஸ்வாணம் போன்றவற்றுக்கு மேலே தலையை நீட்டிக் கொளுத்தாதீர்கள். உள்ளே இறுகிய மருந்தில் விரிசல் விழுந்திருந்தால் ஒரே நேரத்தில் அதிகப் பரப்பு பற்றி, பூவாகப் பொழிய வேண்டியது வெடித்துவிடும். பக்கவாட்டில் நின்று, நீண்ட ஊதுவத்தியால், கையை நீட்டிக் கொளுத்திவிட்டு விலகுங்கள். ராக்கெட்டைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்காதீர்கள். சாய்ந்தால் ராக்கெட் கூட்டத்துக்குள் போகும், உடைந்தால் கண்ணாடி போகும். ஐரோப்பிய விதிகளின்படி இரண்டாம் வகைப் பட்டாசுக்குப் பாதுகாப்பு இடைவெளி குறைந்தது 8 மீட்டர். ராக்கெட்டுக்கும் வான வெடிக்கும் நான் 25 மீட்டர் என்பேன். கண்ணில் அடிபட்டு வருகிறவர்களில் பலர் எதையும் கொளுத்தாதவர்கள், சும்மா நின்று பார்த்தவர்கள்.

நான்கு மாதக் குழந்தை வெளியே வரவே வேண்டாம். கதவு, சன்னலை மூடி வீட்டுக்குள் இருக்கட்டும். உங்கள் தங்கையும் அவ்வப்போது யாரிடமாவது விட்டுவிட்டு வந்து பார்த்துப் போகலாம். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் மட்டுமே குறையும். பத்தடி தள்ளி நின்றதால் ஒன்றும் பெரிதாக மாறிவிடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டே மத்தாப்புப் பிடிப்பது புகைப்படத்துக்கு அழகு. அந்தக் கையில் குழந்தையின் கால் எட்டும் உயரத்தில்தான் சுடர் இருக்கும்.

அவ்வளவுக்குப் பிறகும் காயம் படலாம். பட்டால் உங்கள் கையில் இருக்கும் மிகச் சிறந்த மருந்து குழாய்த் தண்ணீர். ஓடுகிற, சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீரில் 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். ஏனென்றால் வலியில் துடிக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு நிமிடமே இருபதாகத் தோன்றும். தீ அணைந்த பிறகும் தோலுக்கு உள்ளே சூடு கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தத் தண்ணீர். அந்த நேரத்தில் தவறவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் உடனே கழற்றுங்கள், பிறகு வீங்கிவிடும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சிறு பிள்ளை என்றால் காயத்தைக் குளிரவைக்கும்போது மற்ற உடம்பைப் போர்த்தி வைத்திருங்கள். நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். பிறகு சமையலறையில் உணவை மூட வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைக் காயத்தின்மீது நீளவாக்கில் பரப்புங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம். அதில்லை என்றால் சுத்தமான ஈரமற்ற துணி. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பனிக்கட்டி வேண்டாம், அடிபட்ட தோலின் இரத்த ஓட்டத்தை அது இன்னும் சுருக்கும். பற்பசையைப் பற்றி நீங்கள் கேட்காமலே எனக்குப் பதில் சொல்லத் தோன்றுகிறது. அதன் குளிர்ச்சி வெறும் உணர்வு. சூட்டை அது வெளியே எடுப்பதில்லை, உள்ளே பூட்டுகிறது. மருத்துவமனைக்கு வந்த பிறகு காயத்தின் ஆழத்தைப் பார்க்க நாங்கள் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தக் குழந்தை அன்றைக்கு அழும் இரண்டாவது அழுகை அது, முதலாவதைவிடப் பெரியது. மாவு, எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

எப்போது மருத்துவமனைக்குப் போவது? காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு அவர் உடல் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதைவிடப் பெரிய காயம் எதுவானாலும் போங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் சிறிதானாலும் போங்கள். இங்கேயும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு: வலிக்காத தீக்காயம். வெள்ளையாகவோ, மெழுகு போலவோ, பதனிட்ட தோல் போலவோ இருந்து, தொட்டால் வலி தெரியவில்லை என்றால் அது ஆறிய காயம் இல்லை. நரம்பு நுனிகள்வரை வெந்துவிட்ட ஆழமான காயம். “வலியே இல்லை டாக்டர், காலையில் வரலாம் என்று இருந்தோம்” என்று வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதேபோல், அண்ணனின் புருவம் பொசுங்கியபோது எல்லோரும் சிரித்தீர்கள். நான் அங்கே இருந்திருந்தால் வாயைத் திறக்கச் சொல்லியிருப்பேன். மூக்கு முடி கருகியிருந்தாலோ, குரல் கம்மினாலோ, எச்சிலில் கரி வந்தாலோ சூடு மூச்சுப்பாதைக்குள் போயிருக்கக்கூடும். தொண்டை வீக்கம் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அதுவரை காத்திருக்கக் கூடாது.

கண்ணில் வெடித்துண்டு பட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தியிருப்பதைப் பிடுங்காதீர்கள், மருந்து விடாதீர்கள். காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாமல் எலும்பின்மீது பதியும்படி வைத்து ஒட்டி, அப்படியே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெறும் சாம்பலோ தூசியோ விழுந்திருந்து, அடி எதுவும் இல்லை என்றால் மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவலாம். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேராகப் பனிக்கட்டியைத் தொட்டால் திசு கெட்டுவிடும். ஆடையில் தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள். முகத்தைக் கையால் மூடித் தரையில் உருளச் சொல்லுங்கள். பருத்தி ஆடை போட்டால் போதும் என்பது பாதி உண்மைதான். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும், ஆனால் தொளதொளவென்று தொங்கும் மெல்லிய பருத்தியும் நொடியில் பற்றும். உடம்போடு ஒட்டிய, அழுத்தமான நெசவுள்ள பருத்தி நல்லது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? இது மருத்துவம் இல்லை, ஆனாலும் அவர் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். அன்றிரவு, எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். இருட்டிய பிறகு, இருபது பேர் பார்க்கும்போது, தங்கையின் பேச்சைக் கேட்டுப் பின்வாங்குகிற அண்ணன் யார்? இரண்டு நாள் முன்பு, பகலில், தனியாகச் சொல்லுங்கள். “கவனமாக இரு” என்று சொன்னால் அவர் காதில் ஏறாது. “இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு நீளக் குழாய், இதெல்லாம் உன் பொறுப்பு, நீ சரியென்று சொல்லாமல் யாரும் தீக்குச்சியைத் தொடக்கூடாது” என்று சொல்லிப் பாருங்கள். அவர்தான் கொளுத்துவார் என்பதை மாற்ற முயல வேண்டாம். ஒருவரே கொளுத்துவது உண்மையில் நல்லது. அவரிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: பெட்ரோல் கூடாது, வெடிக்காததிடம் திரும்பிப் போகக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கொளுத்துகிறவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்கு வேறு ஒரு பெரியவர், வேறு வேலையில்லாமல் இருக்க வேண்டும். இருவருமே அன்று மது அருந்தியிருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அண்ணன் சண்டை போட்டால் டாக்டர் சொன்னார் என்று பழியை என்மீது போடுங்கள். எனக்குப் பழக்கம்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எல்லோரும் தூங்கப் போகும்போது அந்தப் பெரிய தீ சாம்பல் மேடாகக் கிடக்கும். யாராவது மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண் கங்கைப் போர்வைபோல் மூடி, விடியும்வரை சூடாக வைத்திருக்கும். மேலே பார்த்தால் குளிர்ந்த தரை. காலையில் வெறுங்காலோடு முதலில் எழுந்து ஓடுவது ஆறு வயதுக்காரர்கள்தான். தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்றி, ஆவி எழுவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு உங்கள் புறங்கையைச் சாம்பலுக்குச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள். சூடு உறைத்தால் இன்னொரு வாளி. உறைக்காவிட்டாலும், மறுநாள் அந்த இடத்தைச் சுற்றி நான்கு நாற்காலிகளைப் போட்டு, நடுவில் யாரும் போகாதபடி ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள்.